மஞ்சள் சட்டை போட்ட பாப்பா

மதிப்புக்கும் பாசத்துக்கும் உரிய அக்காவுக்கு, உங்கள் தம்பி வணங்கி எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் மூவரும் சுகம். அங்கே உங்கள் சுகத்தையும், அத்தானின் முழங்கால் சுகத்தையும், புதிதாகக் கட்டிய பல் செட் அவர் வாயோடு ஒத்துப்போகிறதா என்பதையும் அறிய ஆவல். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். நீங்கள் போனை எடுத்ததும் ஸ்பீக்கரைப் போட்டு மேசை மேல் வைத்துவிட்டுக் காய் நறுக்கப் போய்விடுகிறீர்கள். நான் சொல்வதை அத்தான் கேட்கிறார், மருமகள் கேட்கிறாள், போன தடவை இஸ்திரித் துணி கொண்டுவந்தவர் கேட்டு எனக்கு யோசனையும் சொன்னார். இது அப்படி நாலு பேர் கேட்கிற சங்கதி இல்லை. ஆகையால் தனியாக உட்கார்ந்து படிக்கவும்.

முதலில் என் மானம் போன கதையைச் சொல்லிவிடுகிறேன். மற்றதெல்லாம் அதற்குப் பின்னால் வரிசையாக வந்ததுதான். ஊருக்கு வெளியே பெரிய சாலையை ஒட்டி ஒரு மால் திறந்திருக்கிறார்கள். கம்பெனிகளுக்கு விற்காமல் நின்றுபோன சரக்கு, போன வருஷத்து மாடல், எங்கேயாவது ஒரு தையல் கோணிக்கொண்ட துணி, இதையெல்லாம் விலையைக் குறைத்துத் தள்ளிவிடுகிற இடம். ஒரே கூரைக்குக் கீழே ஒரு ஊரையே அடைத்து வைத்திருக்கிறார்கள். வெயிலும் இல்லை, மழையும் இல்லை, பகலா இரவா என்று தெரிந்துகொள்ள ஒரு ஜன்னலும் இல்லை. அங்கே பயணப் பெட்டி விற்கிற ஒரு கடையில், பச்சைப் பெட்டி ஒன்று எவ்வளவு கனம் என்று தூக்கிப் பார்க்கக் குனிந்தேன். என் பேன்ட் கொக்கி தெறித்தது. சும்மா கழன்று விழுந்திருந்தால் மூடி மறைத்திருப்பேன். அது பறந்து போய் எதிரில் நின்ற அலுமினியப் பெட்டியின் மேல் 'டிங்' என்று மோதியது. கடைக்காரர் என்னைப் பார்க்கவில்லை, பெட்டியில் கீறல் விழுந்ததா என்று தடவிப் பார்த்தார். விழுந்தால்தான் என்ன, அந்தக் கடையில் கீறல் விழுந்த பெட்டிகளைத்தானே விற்கிறார்கள். நான் ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, ஏதோ தேசிய கீதம் பாடப் போகிறவன் போல விறைப்பாக நின்றேன். கூட வந்த என் மகள் சுவரைப் பார்த்துச் சொன்னாள்: "பக்கத்துக் கடையில பேன்ட் இருக்கு."

கவனியுங்கள் அக்கா. "அப்பா, பக்கத்துக் கடையில் பேன்ட் இருக்கு" இல்லை. வெறும் மொட்டையாக "பக்கத்துக் கடையில் பேன்ட் இருக்கு." மழைக்காலம் தொடங்கும் முன்பிருந்து எங்கள் வீட்டில் இதுதான் நடக்கிறது. காரணம் உங்களுக்குப் பாதிதான் தெரியும், மீதியையும் சொல்கிறேன். அவளுக்குக் காய்ச்சல் அடித்தும் கேளாமல் வேலைக்குப் போனாள். எனக்கு மனசு கேட்கவில்லை. அவள் மேலதிகாரியின் நம்பரைத் தேடிப் பிடித்து, "சார், நான் பாப்பாவோட அப்பா பேசறேன், பாப்பாவுக்கு ஜுரம், ஏசிக்கு நேரா உட்கார வைக்காதீங்க, மத்தியானம் கஞ்சி குடிச்சாளான்னு மட்டும் ஒரு வார்த்தை கேளுங்க" என்றேன். அந்த மனிதரும் உங்களை மாதிரியே ஸ்பீக்கர் ஆசாமி. மீட்டிங் நடந்துகொண்டிருந்திருக்கிறது. அவளுக்குக் கீழே வேலை பார்க்கிறவர்கள் எல்லாரும் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள். அன்றிலிருந்து ஆபீசில் அவள் பெயர் பாப்பா. அவள் பேச எழுந்தால், "பாப்பா பேசட்டும்" என்கிறார்களாம். பிறந்தநாளுக்குக் கேக்கின் மேல் ஒரு பால் புட்டி வைத்திருக்கிறார்கள். வீட்டுக்கு வந்து பையை வீசிவிட்டு, "என்னைப் பாப்பான்னு கூப்பிடறதை நிறுத்தற வரைக்கும் நான் யாரையும் அப்பான்னு கூப்பிடப் போறதில்லை" என்று சொல்லி அறைக்கதவைச் சாத்தினாள். சாத்தியது கதவை மட்டும் என்று நினைத்தேன்.

உண்மையைச் சொன்னால் இதில் உங்களுக்கும் பங்கு உண்டு. பிறந்த அன்று ஆஸ்பத்திரியில் துணியில் சுற்றி என் கையில் கொடுத்து, "இந்தா, பாப்பாவைப் பிடி" என்று சொன்னது யார்? நீங்கள். நான் பிடித்தேன். பிடித்தது பிடித்ததுதான், எப்போது விட வேண்டும் என்று நீங்களும் சொல்லவில்லை.

அதற்கப்புறம் எங்கள் வீட்டுப் பேச்செல்லாம் உங்கள் தம்பி பெண்டாட்டி வழியாகத்தான். "அம்மா, குளிச்சிட்டா வெளியே வரச் சொல்லு." "அம்மா, டிவி சத்தம் அதிகமா இருக்குன்னு சொல்லு." நான் எதிரிலேயே உட்கார்ந்திருப்பேன். நானும் மோட்டார் ரிப்பேர் செய்கிறவன்தான், எத்தனையோ பழைய பம்ப்செட் திரும்ப ஓட மாட்டேன் என்று அடம்பிடித்ததைப் பார்த்திருக்கிறேன். ஆனால் இந்த மாதிரி ஒரு அடைப்பைப் பார்த்ததில்லை. இந்த நிலையில்தான் அவளுக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்தது, வருகிற ஞாயிற்றுக்கிழமை கிளம்புகிறாள். என்னால்தான் கேட்டு வாங்கிக்கொண்டு போகிறாள் என்று எனக்குள் ஒரே உறுத்தல். அவள் அப்பா என்று ஒரு வார்த்தை சொல்லாமலே ரயிலேறிவிட்டால், அந்த ஊரிலிருந்து போன் போட்டு மட்டும் சொல்லப் போகிறாளா? அப்போதுதான் நீங்கள் சொன்னீர்கள், "பெட்டி வாங்கித் தரேன்னு கூட்டிக்கிட்டுப் போடா, நடுவுல ஆள் இல்லைன்னா பேசித்தானே ஆகணும்" என்று. உங்கள் தம்பி பெண்டாட்டியும், "நீங்க ரெண்டு பேரும் போங்க, நான் தபால்காரி வேலை பார்த்து எனக்குத் தொண்டை வத்திப்போச்சு" என்று வீட்டிலேயே நின்றுவிட்டாள்.

உங்கள் யோசனை காரிலேயே கவிழ்ந்தது. நடுவில் ஆள் இல்லாவிட்டால் என்ன, அவள் போனில் வழிகாட்டுகிற அம்மணி ஒருத்தி இருந்தாளே. அவள் "வலது பக்கம் திரும்பவும்" என்றாள். மகள் ஒன்றும் சொல்லவில்லை. நான் இடது பக்கம் திரும்பினேன். அம்மணி கோபப்படாமல் வேறு வழி சொன்னாள். பெற்ற மகளைவிட அவள் என்னிடம் அதிகம் பேசினாள் என்று மனசுக்குள் குறித்துக்கொண்டேன்.

பேன்ட் கடைக்கு வருகிறேன். இடுப்பைப் பிடித்தபடியே ஒரு சாம்பல் நிறப் பேன்ட் எடுத்தேன். அதில் எங்கே குறை என்று விற்பனைப் பெண்ணைக் கேட்டேன். உள்பாக்கெட் கொஞ்சம் கோணல் என்றாள். என்னுடைய உள்பாக்கெட்டை யார் பார்க்கப் போகிறார்கள், போட்டுக்கொண்டே வந்துவிட்டேன். பழைய பேன்டை ஒரு பையில் போட்டுத் தந்தார்கள், மகள் அதையும் பெட்டிக்கான பணம் இருந்த தன் பையோடு தோளில் மாட்டிக்கொண்டாள். அந்தப் பழைய பேன்ட் பாக்கெட்டில் என் போன் இருந்தது என்பது எனக்கு அப்போது நினைவில்லை. திருட்டுப் போகாமலிருக்கக் கடைக்காரர்கள் துணியில் மாட்டுகிற பிளாஸ்டிக் வில்லை ஒன்று, என் பின்பக்கம் இடுப்புக்குக் கீழே அப்படியே இருந்தது என்பது பில் போட்டவருக்கும் நினைவில்லை. அந்தக் கடை வாசலில், வில்லையைக் கண்டால் கத்துகிற கருவி அன்றைக்குப் பழுது. மற்ற கடை வாசல்களில் எல்லாம் நல்ல ஆரோக்கியமாக இருந்தன.

அடுத்த கடைக்குள் நுழைந்தேன், வாசலில் 'பீப் பீப்' என்றது. ஏதோ வரவேற்கிறார்கள் என்று நினைத்துத் தலையசைத்தேன். வெளியே வந்தேன், மறுபடி பீப் பீப். வழியனுப்புகிறார்கள் என்று நினைத்தேன். மோட்டார் ஓடுகிற சத்தத்தை வைத்தே உள்ளே என்ன கோளாறு என்று சொல்கிறவன் நான், என் பின்பக்கத்தில் மாட்டிக்கொண்டு வருகிற கோளாறு எனக்குத் தெரியவில்லை. செருப்புக் கடை வாசலில் மீசை வைத்த செக்யூரிட்டி ஒருவர் கையை நீட்டி மறித்தார். சட்டைப் பையைக் காட்டச் சொன்னார். கண்ணாடிக் கூடு இருந்தது. கண்ணாடிக் கூட்டைத் திறந்து காட்டச் சொன்னார். கண்ணாடி இருந்தது. இரண்டு கையையும் தூக்கி நிற்கச் சொன்னார். நிமிர்ந்து பார்க்கிறேன், மகளின் மஞ்சள் சட்டை கூட்டத்துக்குள் போய்க்கொண்டிருக்கிறது. பேச்சு வார்த்தை இருக்கிற வீட்டில் என்றால் பின்னால் திரும்பி "என்னப்பா, வரலையா" என்று கேட்பார்கள். எங்கள் வீட்டில் திரும்பிப் பார்ப்பதும் நின்றுபோயிருந்தது. நானும் "பாப்பா" என்று கத்த வாயெடுத்தேன், அந்த வார்த்தைக்குத்தானே தடை, அப்படியே விழுங்கினேன். அவள் முழுப் பெயரைச் சொல்லிக் கத்தலாமென்றால், சான்றிதழில் இருக்கிற அந்தப் பெயர் அவசரத்துக்கு என் நாக்கில் வரவில்லை. கையைத் தூக்கியபடி நிற்கிறேன், மகள் மறைந்துவிட்டாள்.

மீசைக்காரர் முன்பக்கத்தை மட்டும் தடவிப் பார்த்து என்னை விட்ட பிறகு, போன் போடலாமென்றால் அது பழைய பேன்ட்டோடு அவள் தோளில் போய்விட்டது, மஞ்சள் நிறம் தெரிந்த பக்கமெல்லாம் நடந்தேன். ஒரு மஞ்சள் சட்டைக்குப் பின்னால் இரண்டு கடை தூரம் போய், "அந்தப் பச்சைப் பெட்டியையே எடுத்துக்கலாம்மா, கீறல் அடிப்பக்கம்தான் இருக்கு" என்று சமாதானமாகச் சொல்லிக்கொண்டே போனேன். திரும்பியவர் என் வயதுள்ள ஒரு அம்மா. "எனக்குப் பெட்டி வேண்டாங்க" என்றார். மன்னிப்புக் கேட்டுவிட்டு, மாலின் வரைபடம் இருந்த பலகைக்குப் போனேன். 'நீங்கள் இங்கே இருக்கிறீர்கள்' என்று ஒரு சிவப்புப் புள்ளி. நான் எங்கே இருக்கிறேன் என்பது எனக்குத் தெரியும் அக்கா, அவள் எங்கே இருக்கிறாள் என்று ஒரு புள்ளி போட்டிருந்தால் புண்ணியமாகப் போயிருக்கும். கடைசியில் நடுக்கூடத்தில் இருந்த தகவல் மேசைக்குப் போனேன். பக்கத்திலேயே ஒருவர் மைக்கில் குலுக்கல் பரிசு நடத்திக்கொண்டிருந்தார், காது கிழிகிற சத்தம். மேசையில் இருந்த பெண்ணிடம் பதற்றத்தில் பழக்கதோஷமாக, "பாப்பாவைக் காணோம்மா" என்றேன். அந்தப் பெண்ணுக்கு முகமே மாறிவிட்டது.

"என்ன கலர் டிரஸ் சார்?" என்றாள்.

"மஞ்சள் சட்டை, நீல ஜீன்ஸ். முடியைக் குட்டையா வெட்டியிருக்கா."

"தனியா நடக்குமா?"

இது என்ன கேள்வி என்று நினைத்தேன். "நல்லா நடப்பா. என்னை விட்டுட்டே நடந்துடுவா" என்றேன்.

"யாராவது கூப்பிட்டாப் போயிடுமா?"

"யார் கூப்பிட்டாலும் போக மாட்டா. நான் கூப்பிட்டாலே திரும்ப மாட்டா."

"அழுமா சார்?"

"அழவே மாட்டா. கோபம் வந்தாப் பேச மாட்டா, அவ்வளவுதான்."

அந்தப் பெண் எல்லாவற்றையும் வேகமாகத் தட்டிக்கொண்டாள். வயதையும் கேட்டிருக்கிறாள் போலிருக்கிறது, குலுக்கல்காரர் போட்ட கூச்சலில் அது என் காதில் விழவில்லை. நாலைந்து செக்யூரிட்டிகள் ஓடிவந்தார்கள், அதில் நம் மீசைக்காரரும் ஒருவர். குலுக்கலை நிறுத்தச் சொன்னார்கள். மால் முழுக்க ஒலித்தது: "மஞ்சள் சட்டை, நீல ஜீன்ஸ் அணிந்த, பாப்பா என்ற குழந்தையைக் காணவில்லை. கோபம் வந்தால் பேசாது. பார்த்தவர்கள் தகவல் மேசைக்கு அழைத்து வரவும். பாப்பா, உன் அப்பா இங்கே காத்துக்கிட்டிருக்கார், பயப்படாம வா." குழந்தை என்று கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆனால் அதற்குள் வாசல் கதவுகளில் ஆள் நிறுத்திவிட்டார்கள். பொம்மைக் கடையில் பந்துக் குவியலைக் கையால் துழாவுகிறார்கள். துணிக்கடைகளில் தொங்குகிற கோட்டுகளை விலக்கி அடியில் எட்டிப் பார்க்கிறார்கள். ஒரு கடையில் பெரிய பெட்டிகளை எல்லாம் திறந்து பார்த்தார்களாம், எங்களுக்குக் காட்டிய அதே பெட்டிக் கடை. இத்தனை பேரை நிறுத்தி வைத்த பிறகு, "இல்லைங்க, அந்தக் குழந்தை என்ஜினியர், அவளுக்குக் கீழே பத்துப் பன்னிரண்டு பேர் வேலை பார்க்கிறாங்க" என்று சொல்கிற தைரியம் உங்கள் தம்பிக்கு எங்கிருந்து வரும்? மாலில் இருந்த மஞ்சள் உடுப்புக் குழந்தைகளை எல்லாம் தாய்மாரோடு கொண்டுவந்து என் முன்னால் நிறுத்தி, "இதுவா சார், இதுவா சார்" என்கிறார்கள். கல்யாணச் சந்தையில் மாப்பிள்ளை வீட்டார் போல நான் தலையை ஆட்டி ஆட்டி வேண்டாமென்கிறேன். ஒரு சின்னப் பெண் குழந்தை மட்டும் என் கண்ணாடிக் கூட்டைப் பிடித்துக்கொண்டு, 'அது நான்தான்' என்பது போல, நாற்காலியில் இருந்த என் மடியில் ஏறி உட்கார்ந்துவிட்டது. அதன் அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

அப்போது கூட்டம் விலகியது. மகள் வருகிறாள். ஒரு கையில் பச்சைப் பெட்டி, மறு தோளில் என் பழைய பேன்ட் இருக்கிற பை. முகம் சிவந்து போயிருக்கிறது. ஆபீசில் பத்துப் பேர் முன்னால் செய்ததை இங்கே ஊர் முன்னால் செய்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருக்க வேண்டாம், இப்படியே ரயிலேறிவிடுவாள் என்று நினைத்தேன். மீசைக்காரர் குறுக்கே கையை நீட்டி மறித்தார். "குழந்தை காணாமப் போயிருக்கும்மா, யாரும் கிட்ட வரக்கூடாது. நீங்க யாரு?" என்றார்.

அவள் என்னைப் பார்த்தாள். என் மடியில் இருந்த குழந்தையைப் பார்த்தாள். பெட்டியைக் கீழே வைத்தாள்.

"நான்தான் பாப்பா" என்றாள். "அவர் எங்கப்பா."

மீசைக்காரர் அவளை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். மஞ்சள் சட்டை, நீல ஜீன்ஸ், குட்டை முடி, எல்லாம் சரியாகத்தான் இருந்தது. தகவல் மேசைப் பெண் மைக்கைக் கையில் வைத்துக்கொண்டே சிரித்துவிட்டாள், அந்தச் சிரிப்பு மால் முழுக்கக் கேட்டது. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "பாப்பா கிடைச்சாச்சு, எல்லாருக்கும் நன்றி" என்றாள். மூன்று மாடியிலிருந்தும் கை தட்டினார்கள். என் மகள் உதட்டைக் கடித்துப் பார்த்தாள், முடியவில்லை, பெட்டியின் மேலேயே உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தாள். நான் எழுந்து அவளிடம் போனேன். மேசைக்குப் பக்கத்துக் கடை வாசலைத் தாண்டும்போது 'பீப் பீப்'. அவள் என்னைத் திருப்பி நிறுத்திப் பார்த்து, இடுப்புக்குக் கீழே அந்த வில்லையைக் கண்டுபிடித்தாள். "அப்பா, இதை மாட்டிக்கிட்டா இவ்வளவு நேரம் சுத்தினீங்க?" என்று கேட்டுவிட்டு மீசைக்காரரிடம் என்னைக் காட்டி, "இதுல சின்னக் குறை இருக்குங்க. மாத்தித் தருவீங்களா?" என்றாள். அவரும் சளைத்தவரில்லை. "இந்த மால்ல வித்த சரக்கை வாபஸ் வாங்கறதில்லைம்மா, இருக்கிறபடி வச்சுக்கணும்" என்றார். "சரி, வச்சுக்கறேன்" என்றாள். அக்கா, இதற்கு முன்னால் என்னை யாரும் இவ்வளவு மலிவாக வாங்கியதில்லை, இவ்வளவு சந்தோஷமாக நான் விலைபோனதும் இல்லை.

பிறகு மேல் மாடியில் உட்கார்ந்து காபி குடித்தோம். நான் மெல்ல, என்னால்தானே மாற்றல் கேட்டு வாங்கினாய் என்று கேட்டேன். "உங்களுக்கு உலகத்துல நடக்கிறதெல்லாம் உங்களாலதான் நடக்குதுன்னு ஒரு நினைப்பு" என்றாள். அது பதவி உயர்வாம், நான் போன் போட்டு மானத்தை வாங்குவதற்கு முன்பே அவள் எழுதிக் கொடுத்ததாம். ஆபீசில் பாப்பா என்று கூப்பிட்டவர்களுக்கெல்லாம் வருஷ மதிப்பீடு எழுதப் போவது தான்தான் என்பதை ஒருநாள் நினைவுபடுத்தினாளாம், அதோடு அடங்கிவிட்டார்களாம். அப்படியென்றால் இத்தனை மாதம் ஏன் மொட்டையாகவே பேசினாய் என்றேன். காபியைக் கலக்கிக்கொண்டே சொன்னாள்: "கோபம் முதல் ரெண்டு வாரம்தான்ப்பா. அப்புறம் எப்படித் திரும்ப ஆரம்பிக்கிறதுன்னு தெரியலை." எனக்கு நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது. நான் அடைப்பு, அடைப்பு என்று தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தேன், உள்ளே காற்று மட்டும்தான் நின்றிருக்கிறது. கொஞ்சம் தண்ணீர் ஊற்றிவிட்டு ஓட்டினால் ஓடுகிற மோட்டார்.

திரும்பி வரும்போது காரில் வழிகாட்டுகிற அம்மணியை வாயை மூடச் சொல்லிவிட்டாள். "அப்பா, இப்படித் திரும்புங்க", "அப்பா, லாரி வருது", "அப்பா, உங்க கண்ணாடியைத் துடைங்க முதல்ல." வழி முழுக்க ஏச்சுதான், ஒவ்வொன்றும் அப்பாவில் தொடங்கியது. வேண்டுமென்றே ஒரு இடத்தில் தப்பாகத் திரும்பினேன். நானும் பதிலுக்கு ஒரு வாக்குக் கொடுத்திருக்கிறேன். இனிமேல் வீட்டுக்கு வெளியே அவளைப் பாப்பா என்று கூப்பிடமாட்டேன், அவள் ஆபீசுக்குப் போன் போடமாட்டேன், புது ஊரின் மேலதிகாரி நம்பரைத் தேடமாட்டேன். ஒரு சின்னக் குழப்பத்தால், என் கெட்ட நேரம் நல்ல நேரமாக முடிந்தது. இதில் என் சாமர்த்தியம் ஒன்றுமில்லை, குலுக்கல்காரரின் கூச்சலுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஸ்டேஷனுக்கு நீங்களும் அத்தானும் அவசியம் வரவும். அத்தான் பல் செட்டைப் போட்டுக்கொண்டு வரவும். மருமகளுக்கு என் ஆசிகள், உங்களுக்கும் அத்தானுக்கும் என் வணக்கங்கள், இஸ்திரிக்காரருக்கும் என் விசாரிப்பைச் சொல்லவும், அவர் யோசனை தவறு என்பதையும் சேர்த்துச் சொல்லவும்.

இப்படிக்கு,
சிறு குறை உள்ள,
வாபஸ் வாங்கப்படாத,
உங்கள் தம்பி.

பி.கு.: மேலே எழுதியதில் தகவல் மேசைப் பகுதி பாதிப் பொய். குலுக்கல்காரர் கத்தினார் என்பது உண்மைதான், ஆனால் அந்தப் பெண் வயது கேட்டது என் காதில் தெளிவாக விழுந்தது. காணாமல் போனது குழந்தை என்று அவள் நினைக்கிறாள் என்பதும் எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. சொல்லத்தான் வாயைத் திறந்தேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு அந்தப் பெண் மைக்கைக் கையில் எடுத்தபடியே, "பயப்படாதீங்கப்பா, கண்டுபிடிச்சிடலாம்" என்றாள். அந்த 'ப்பா'வைக் கேட்டு எத்தனை நாளாயிற்று என்று நினைத்து, திறந்த வாயை அப்படியே மூடிக்கொண்டேன். 'இருபத்தாறு' என்று நான் சொல்லவே இல்லை.